ஓடிபி சொன்னது யார்?

மாலை நேரம். அடுப்பில் உலை கொதிக்கிறது. அம்மா அரிசி களைந்துகொண்டிருக்கிறார். மகள் திண்ணையில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வயது 14. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

“அம்மா, உன் பட்டன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் சொல்லேன்.”

“என்ன நம்பர்டி?”

“ஓடிபி அம்மா. ஆறு எண் இருக்கும். சீக்கிரம் சொல்லு, நேரம் முடிஞ்சிடும்.”

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். போனை எடுத்தார். இரண்டு ஆண்டுக்கு முன்பு என்றால் பக்கத்து வீட்டுக்கு ஓடியிருப்பார். இப்போது அந்தக் கவலை இல்லை. மாலை வகுப்பில் படித்தவர். எண்ணும் தெரியும், எழுத்தும் தெரியும்.

“நாலு, எட்டு, சைபர், ரெண்டு, ரெண்டு, ஏழு.” நிறுத்தி நிறுத்தி, தப்பில்லாமல் படித்தார். படித்தது அவருக்கே மகிழ்ச்சியாக இருந்தது.

மகள் ஆறு எண்ணையும் தட்டினாள். திரையில் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ வந்தது. விரலால் மேலே தள்ளினாள். கீழே இருந்த பொத்தானைத் தொட்டாள். வேலை முடிந்தது.

“எதுக்கு அது?”

“கணக்குப் பாடம் சொல்ற ஆப் அம்மா. பெரியவங்க சம்மதம் வேணும்னு கேட்டுச்சு. நீ சம்மதம் கொடுத்துட்டே.”

“நான் எப்போ கொடுத்தேன்?”

மகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

எதற்குச் சம்மதம்?

இந்த வீடு பீகாரில் இருக்கலாம். ஒடிசாவில் இருக்கலாம். நம் தெருவிலும் இருக்கலாம். இன்று பல கோடி வீடுகளில் நடப்பது இதுதான்.

‘பிரதம்’ என்பது கல்விக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனம். அது ‘ஏசர்’ என்ற பெயரில் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கிறது. 2024-ஆம் ஆண்டில் 14 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளிடம் செல்போனைப் பற்றியும் கேட்டார்கள். 100 பிள்ளைகளில் 89 பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. 82 பேருக்கு அதைப் பயன்படுத்தத் தெரிந்தது. போன வாரம் படிப்புக்காகப் பயன்படுத்தினோம் என்றவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகங்களுக்காகப் பயன்படுத்தினோம் என்றவர்கள் 76 சதவீதம்.

இன்னும் ஒரு கேள்வி கேட்டார்கள். அந்நியர் யாரும் பார்க்க முடியாதபடி உன் பக்கத்தை மூடி வைக்கத் தெரியுமா? சமூக ஊடகங்களைப் பயன்படுத்தும் பிள்ளைகளில் 55 சதவீதம் பேருக்குத்தான் தெரிந்தது. மீதிப் பேரின் வீட்டுக் கதவு திறந்தே கிடக்கிறது என்று பொருள்.

கதவு திறந்து கிடந்தால் என்ன போகும்? பணமும் நகையும் போகாது. விவரம் போகும்.

ஒரு பெட்டிக்கடையை நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் தினமும் உங்கள் பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிறார். காசு வாங்குவதில்லை. மிட்டாய் கொடுக்கும்போது ஒரு கேள்வி மட்டும் கேட்கிறார். இன்றைக்கு, “உங்க வீடு எது?” நாளைக்கு, “அப்பா எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார்?” அடுத்த நாள், “ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவே? யாரோட அதிகம் பேசுவே?” எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைக்கிறார். பிறகு அந்த நோட்டைப் பத்துப் பேருக்கு விற்கிறார். உங்களுக்குத் தெரிந்தால் என்ன செய்வீர்கள்? அன்றைக்கே கடை வாசலில் போய் நின்று நாலு கேள்வி கேட்பீர்கள்.

செல்போனில் பல ஆப்கள் இப்படித்தான் பிழைக்கின்றன. ஆப் இலவசம். அதற்கு ஈடாகப் பிள்ளை இருக்கும் இடம், போனில் உள்ள பெயர்கள், பார்க்கும் படம், விளையாடும் நேரம் எல்லாம் சேகரிக்கப்படுகின்றன. அவற்றை வைத்துத்தான் யாருக்கு எந்த விளம்பரம் காட்டுவது என்று முடிவு செய்கிறார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டை மட்டும் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

நோட்டு எழுதுபவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கவனக்குறைவும் போதும். ‘தீக்ஷா’ என்பது பள்ளிப் பிள்ளைகளுக்காக அரசே நடத்தும் ஆப். அதில் பதிவு செய்த ஏறக்குறைய 6 லட்சம் மாணவர்களின் விவரங்கள், பூட்டுப் போடாத ஒரு கணினியில் யாரும் எடுக்கும்படி கிடந்தன என்று 2023 ஜனவரியில் செய்தி வந்தது. ஆசிரியர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருந்தன. அரசின் ஆப் நல்ல நோக்கத்தோடு வந்ததுதான். பிள்ளைகளும் பாடம் படிக்கத்தான் போனார்கள்.

கம்பி வந்த கதை

இந்த ஆப் எல்லாம் ஊருக்குள் எப்படி வந்தன? நெட் வழியாக வந்தன. நெட் எப்படி வந்தது? அதற்குப் பெரும் பணம் செலவானது. அந்தப் பணத்தில் உங்கள் காசும் இருக்கிறது.

தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருமானத்தில் 100 ரூபாய்க்கு 5 ரூபாயை அரசின் தனி நிதி ஒன்றுக்குக் கட்ட வேண்டும். 2002-ஆம் ஆண்டு முதல் இந்த நிதி இருக்கிறது. நகரத்தில் லாபம் வரும், கம்பெனிக்காரர் தானே வருவார். மலைக் கிராமத்தில் லாபம் வராது, அவர் வர மாட்டார். அங்கே தொலைபேசி போவதற்கு இந்த நிதி. 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் இதற்கு ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று புதுப் பெயர் வைத்தது. நீங்கள் ரீசார்ஜ் செய்யும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு துளி இந்த நிதிக்குப் போகிறது.

2011 அக்டோபரில் மத்திய அரசு ஒரு பெரிய திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. நாட்டில் உள்ள சுமார் 2.5 லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி போட வேண்டும். அது தலைமுடி போல மெல்லியது. அதற்குள் ஒளி ஓடும். ஒளியோடு செய்தியும் ஓடும். அந்தத் திட்டத்தின் இன்றைய பெயர் ‘பாரத்நெட்’. சுமார் 20,000 கோடி ரூபாய் ஆகும் என்றார்கள். இரண்டு ஆண்டில் முடியும் என்றார்கள்.

முடியவில்லை. முதல் ஒரு லட்சம் பஞ்சாயத்துகள் முடியவே 2017 டிசம்பர் ஆகிவிட்டது. கம்பி போன இடத்திலும் தொல்லை இருந்தது. சாலை போடத் தோண்டும்போது கம்பி அறுந்தது. பஞ்சாயத்து அலுவலகத்தில் பெட்டி இருந்தது, மின்சாரம் இல்லை. மின்சாரம் இருந்த இடத்தில் கதவு பூட்டியிருந்தது. போட்ட கம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளும் பணமும் ஒதுக்காதது பெரிய தவறு. 2023 ஆகஸ்டில் அரசு திட்டத்தைத் திருத்தி 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்க முடிவு செய்தது. பராமரிப்புச் செலவும் இந்த முறை சேர்ந்திருக்கிறது.

இதற்குள் கம்பிக்குக் காத்திராமல் டவர் வழியாக நெட் ஊருக்குள் வந்துவிட்டது. விலையும் இறங்கியது. 2014-இல் ஒரு ஜிபி டேட்டா சுமார் 269 ரூபாய். பிறகு அது 10 ரூபாய் அளவுக்கு வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் செல்போனுக்கு மாறியது. கூலி வேலை செய்பவர்கள்கூடக் கடன் வாங்கி ஸ்மார்ட்போன் வாங்கினார்கள். 2018-இல் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளில் 36 சதவீதத்துக்குச் சற்று அதிகமானவர்களின் வீட்டில்தான் ஸ்மார்ட்போன் இருந்தது. 2020-இல் அது 61 சதவீதத்தைத் தாண்டியது.

கம்பிக்குக் கணக்கு இருக்கிறது. டவருக்குக் கணக்கு இருக்கிறது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை பஞ்சாயத்து, எத்தனை கோடி என்று கேட்டால் அதிகாரி உடனே சொல்வார். அந்தக் கம்பியின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் தாய்க்கும் பாதுகாப்பு சொல்லித்தர எவ்வளவு ஒதுக்கினீர்கள்? இந்தக் கேள்விக்குப் பல மாநிலங்களில் பதில் சட்டென்று வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர் கே.எஸ். புட்டசாமி. அவர் 2012-இல் ஆதார் தொடர்பாக உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அப்போது அவருக்கு வயது 80-ஐத் தாண்டியிருந்தது. அந்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தரங்கம் என்பது ஒவ்வொரு குடிமக்களின் அடிப்படை உரிமை என்றார்கள். நம் வீட்டு விஷயம் நம்முடையது என்பதற்கு அரசியல் சட்டமே துணை நிற்கிறது.

அதற்குப் பிறகு ஆறு ஆண்டு கழித்துத்தான் சட்டம் வந்தது. ‘டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023’ என்பது அதன் பெயர். தரவு என்றால் விவரம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்கள் தயாராவதற்கு 18 மாதம் அவகாசம் கொடுத்தார்கள். எனவே முக்கியமான கடமைகள் 2027 மே மாத வாக்கில்தான் நடைமுறைக்கு வரும்.

இந்தச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் எல்லோரும் குழந்தைகள். குழந்தையின் விவரத்தை வாங்குவதற்கு முன் பெற்றோரின் சம்மதம் வாங்க வேண்டும். சம்மதம் சொல்பவர் உண்மையிலேயே பெரியவர்தானா என்று சரிபார்க்க வேண்டும். குழந்தை எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று பின்தொடரக் கூடாது. குழந்தையைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சில விலக்குகள் உண்டு. அரசுக்கும் உண்டு. அரசுக்குக் கொடுத்த விலக்கு மிகப் பெரியது என்று பலர் குறை சொல்கிறார்கள். தீக்ஷாவில் நடந்ததைப் பார்த்தால் அந்தக் குறையைத் தள்ளிவிட முடியாது.

இன்னொரு குறையும் உண்டு. அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். விவரம் களவுபோன குடும்பத்துக்கு இந்தச் சட்டத்தில் இழப்பீடு கிடையாது.

இந்தச் சட்டத்தில் புதிதாக எழுதப் படித்தவர்களுக்கென்றே சொன்னது போல ஒரு பகுதி இருக்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பு எளிய மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்துத் தப்பிக்க முடியாது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் படிக்க வசதி செய்ய வேண்டும். தமிழ் அந்த 22-இல் ஒன்று. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். என் பிள்ளையைப் பற்றி உங்களிடம் என்ன விவரம் இருக்கிறது என்று கேட்கலாம். தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். அழிக்கவும் சொல்லலாம். முதலில் அந்த நிறுவனத்திடம் புகார் செய்ய வேண்டும். அவர்கள் சரி செய்யாவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போகலாம். பொய்ப் புகார் கொடுத்தால் மட்டும் 10,000 ரூபாய் வரை நமக்கு அபராதம் உண்டு.

யாருடைய சம்மதம்?

சட்டம் நல்லதுதான். ஆனால் நம் வீட்டு அடுப்படிக்கு வரும்போது அது தடுமாறுகிறது.

பெற்றோருக்கு எல்லாம் தெரியும், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துச் சட்டம் எழுதியிருக்கிறார்கள். பல வீடுகளில் நிலைமை தலைகீழ். போனைப் படித்துச் சொல்வதே பிள்ளைதான். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடுவதும், கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதும் பிள்ளைதான். அம்மா ஓடிபி சொல்வார். எதற்கு என்று தெரியாது. அப்படியானால் அந்தச் சம்மதம் யாருடையது? காகிதத்தில் தாயுடையது. உண்மையில் 14 வயதுப் பிள்ளையுடையது.

வயதைச் சரிபார்ப்பதிலும் சிக்கல் இருக்கிறது. யார் குழந்தை என்று கண்டுபிடிக்க எல்லோரிடமும் வயதைக் கேட்க வேண்டும். வயதுக்குச் சான்று கேட்க வேண்டும். விவரத்தைக் காப்பாற்றப் போய் இன்னும் அதிக விவரத்தை வாங்கி வைக்கும்படி ஆகலாம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று சில நிறுவனங்கள் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை மொத்தமாக வெளியே நிறுத்தவும் கூடும். அமெரிக்காவில் பெற்றோர் சம்மதம் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான் கட்டாயம். இங்கே 17 வயதுப் பையனும் பெண்ணும் அம்மா அப்பாவைக் கேட்க வேண்டும்.

பையனுக்கு அனுமதி எளிதாகக் கிடைக்கும். பெண்ணுக்கு? ஏசர் கணக்கில் போன் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 36 சதவீதம் பேருக்குச் சொந்த போன் இருந்தது. பெண்களில் 27 சதவீதம்தான். “பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு போன்?” என்று கேட்கும் வீடுகள் இன்னும் உண்டு. அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்ற பெயரில் இன்னொரு பூட்டு விழலாம்.

கேரளத்தில் இப்படி ஒரு பூட்டை ஒரு மாணவி எதிர்த்தார். கோழிக்கோடு அருகே ஒரு கல்லூரி. அதன் பெண்கள் விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை செல்போன் பயன்படுத்தக் கூடாது என்று விதி போட்டார்கள். படிப்பில் கவனம் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். படிப்புக்கே நெட் வேண்டும் என்றார் மாணவி. போனை ஒப்படைக்க மறுத்தார். விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். அவர் உயர் நீதிமன்றம் போனார். நெட் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பர் 19 அன்று தீர்ப்பு வந்தது. அவரை மீண்டும் விடுதியில் சேர்க்கச் சொன்னார்கள். பிள்ளைக்குக் கதவும் வேண்டும், தாழ்ப்பாளும் வேண்டும். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்க வேண்டும். வெளியே இருந்தால் அது சிறை.

கற்றுக்கொடுக்கவும் பணம் வேண்டும்

அதே கேரளத்தில் இன்னொன்றையும் பார்க்கலாம். 2023 ஜூன் 5 அன்று அந்த மாநில அரசு ‘கேஃபோன்’ என்ற சொந்த இழைக் கம்பி வலையைத் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்புத் தருவது நோக்கம். முதலில் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 100 குடும்பம் வீதம் 14,000 குடும்பங்கள் என்று ஆரம்பித்தார்கள். நோக்கத்துக்கும் நடப்புக்கும் இடையே தூரம் அதிகம். பாரத்நெட் பட்ட பாடுதான் இங்கும்.

ஆனால் கம்பியோடு நிற்கவில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் புல்லம்பாறை என்று ஒரு பஞ்சாயத்து. அங்கே தொண்டர்கள் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களுக்குச் செல்போன் சொல்லிக்கொடுத்தார்கள். வேலைக்குப் போகும் இடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு ‘டிஜி கேரளம்’ என்ற பெயரில் மாநிலம் முழுவதும் அதைச் செய்தார்கள். ஏறக்குறைய 22 லட்சம் பேர் கற்றார்கள். அதில் பெரும் பகுதி தொண்டர்களின் உழைப்பு. 1990-இல் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றது இதே வழியில்தான். அன்று கையில் சிலேட்டு. இன்று செல்போன்.

ஒருவருக்கு வீடியோ பார்க்கச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். “இதை எதுக்குக் கேக்குறான்?” என்று சந்தேகப்படச் சொல்லிக்கொடுக்க நாள் பிடிக்கும். அதற்கு ஆள் வேண்டும், இடம் வேண்டும், சம்பளம் வேண்டும். கிராமசபையில் கம்பி எப்போது வரும் என்று கேட்கிறோம். வகுப்பு எப்போது வரும் என்றும் கேட்கலாம். ரீசார்ஜ் காசு கொடுக்கிற யாரும் கேட்கலாம்.

பணம் ஏமாற்றப்பட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யலாம். பிள்ளையை யாராவது மிரட்டினாலோ, படத்தைக் காட்டிப் பயமுறுத்தினாலோ 1098 என்ற எண் இருக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளையைத் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லாது.

சாப்பாடு முடிந்தது. அம்மா பாயை விரித்தார். மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“அந்தக் கணக்கு ஆப்பைத் திற.”

“ஏம்மா?”

“நான்தானே சம்மதம் கொடுத்தேன். எதுக்குன்னு பார்க்கணும்.”

மகள் போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றினாள். ‘அமைப்புகள்’ என்ற இடத்துக்குப் போனாள். ‘அனுமதிகள்’ என்று இருந்தது. அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“இ-ரு-ப்-பி-ட-ம். இருப்பிடம்னா?”

“நாம எங்கே இருக்கோம்னு அதுக்குத் தெரியும் அம்மா.”

“கணக்குச் சொல்லிக்கொடுக்க நம்ம வீடு எங்கே இருக்குன்னு எதுக்குத் தெரியணும்?”

மகள் யோசித்தாள். பதில் தெரியவில்லை. “தேவையில்லைதான்” என்றாள். அதை அணைத்தாள்.

“அடுத்து என்ன? தொ-ட-ர்-பு-க-ள்.”

“போன்ல இருக்கிற எல்லார் நம்பரும். மாமா, சித்தி, டீச்சர் எல்லாரும்.”

“அவங்களைக் கேட்டியா?”

மகள் அதையும் அணைத்தாள். அம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார்.